பரஸ்தானம் வைத்த பைகள்

நாங்கள் நான்கு பேரும் இலங்கைக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் கோல்ஃப் பைகளில் மூன்று எங்களை விட்டுவிட்டுத் தாமாகவே இலங்கைக்குப் போய் விளையாடிவிட்டு வர ஆரம்பித்தன. திரும்பி வரும்போது லிஃப்டில் செம்மண் உதிர்கிறது என்பதைத் தவிர எங்கள் அடுக்ககத்தில் யாருக்கும் அதைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இருக்கவில்லை. மண்ணைப் பற்றி மட்டும் சங்கச் செயலாளர் அரங்கசாமி இரண்டு கூட்டங்களில் பேசினார், மூன்றாவது கூட்டத்தில் லிஃப்ட் வாசலில் ஒரு தேங்காய்நார் மிதியடி போடப்பட்டது, அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

பைகளைப் பற்றிச் சொல்லத் திட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், திட்டத்தை நினைத்தாலே எனக்கு இன்றும் நெற்றி வலிக்கிறது. கோயம்புத்தூரில் எங்கள் நான்கு பேருக்கும் ஐம்பதை ஒட்டித்தான் கோல்ஃப் வந்தது, மற்றவர்களுக்குச் சர்க்கரை வருவது போல. மருதாசலம் பல் டாக்டர். குலசேகரனுக்கு நூற்பாலை. சென்னியப்பனுக்கு பம்ப்செட் பட்டறை. திருமூர்த்தி என்கிற நான் நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் விற்கிறவன், எந்தச் சக்கரம் எந்த நாளில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பார்ப்பதே பிழைப்பாக இருப்பவன், ஆகவே பயணத் திட்டத்தை நானே போடுவது என்று மற்ற மூன்று பேரும் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு நான் போட்ட ஒவ்வொரு திட்டத்திலும் ஓட்டை கண்டுபிடிப்பதைத் தங்கள் பிழைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

முதலில் கொழும்பில் நடுவே ரயில் குறுக்கிடும் மைதானம், பிறகு கண்டிக்கு அப்பால் நீர்த்தேக்கக் கரையில் மலைச்சரிவில் இருக்கும் மைதானம், பிறகு நுவரெலியாவில் ஊருக்கு நடுவே மூடுபனிக்குள் கிடக்கும் பழைய மைதானம், கடைசியில் அம்பாந்தோட்டையில் கடலுக்குப் பக்கத்தில் ஒன்று என்று நான் போட்டேன். குலசேகரன் கடலில் தொடங்கி மலையில் முடிக்கலாம் என்றான். மருதாசலம் மலையில் தொடங்கினால்தான் முட்டி தாங்கும் என்றான், அடுத்த வாரம் அதே முட்டிக்காக மலையே வேண்டாம் என்றான். ஒருவனுக்குத் தங்குமிடத்தில் சைவச் சமையல் தனிப் பாத்திரத்தில் நடக்க வேண்டும், ஒருவனுக்கு நண்டு இல்லாவிட்டால் தீவுக்கு எதற்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் திட்டத்தில் சேர்த்தேன். அந்தத் தீவில் மழை இரண்டு தடவை வருகிறது, ஒன்று தென்மேற்கிலிருந்து, இன்னொன்று வடகிழக்கிலிருந்து, ஒரு கரை நனையும்போது மறு கரை காய்ந்து கிடக்கிறது; எங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் ஏதாவது ஒரு மழையைக் காட்டிப் பயணத்தைத் தள்ளிப் போட்டோம், மழைக்கோட்டு வாங்கலாமே என்று நான் சொன்னேன், மழைக்கோட்டும் திட்டத்தில் சேர்ந்தது, பயணம் மட்டும் நகரவில்லை.

சென்னியப்பன் மட்டும் எந்த ஓட்டையும் கண்டுபிடிக்கவில்லை. எந்த மைதானம் முதலில் என்று கேட்டால், எதுவாக இருந்தாலும் சரி, சீக்கிரம் என்பான். அவன் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் காப்பி டம்ளர் டபராவில் மோதும் சத்தமாக அது எங்களுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு காலையில் எங்கள் ஊர் மைதானத்தில், முதல் அடிக்காகப் பந்தை நிறுத்தி வைக்கும் சின்ன மர ஆணியைத் தரையில் குத்திவிட்டு அதன் தலையில் அவன் பந்தை வைத்தான், பந்து உருண்டு விழுந்தது, மறுபடி வைத்தான், விழுந்தது, மறுபடியும். மருதாசலம் கையுறையைச் சரி செய்தான், குலசேகரன் போனைப் பார்த்தான், நான் மரத்தில் இல்லாத ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பூமி என்னோட பந்தை மட்டும் கொஞ்சம் கூடுதலா இழுக்குது மாப்ள" என்று சொல்லி அவனே சிரித்து, ஒரு வழியாக நிறுத்தி, அடித்தான். மட்டையை இரண்டு கையாலும் பிடித்து வீசும் அந்த ஒரு நொடியில் மட்டும் நடுக்கம் எங்கேயோ போய்விடும், அடி முடிந்ததும் திரும்பி வந்து கையில் உட்கார்ந்துகொள்ளும்.

நரம்பு டாக்டர் அவனிடம் இந்த வருடம் மட்டையைப் பிடிக்கலாம் என்றும், அடுத்த வருடத்தைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம் என்றும் சொல்லியிருந்தார். சென்னி அதை எங்களிடம் கிளப் கேண்டீனில் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அந்த மூடுபனியில ஒரே ஒரு ரவுண்டு. நீங்க கூட இருக்கோணும். அப்புறம் மட்டையெல்லாம் எடைக்குப் போட்டர்றேன்." நாங்கள் தலையாட்டினோம். அன்று மாலையே நான் புதிய திட்டம் போட்டேன், அதில் நுவரெலியாவுக்கு ஒரு நாள் கூடுதலாகச் சேர்த்தேன், அது அடுத்த வாரம் மருதாசலத்தின் மருத்துவ முகாமால் தள்ளிப் போனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தேதி, எப்படியோ, நான்கு பேருக்கும் ஒத்து வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. டிக்கெட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் மனைவி கலாமணி காலண்டரைக் கிழித்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை தெற்கே சூலம், தெற்கே கடல் தாண்டிப் போகிறவர்கள் வியாழக்கிழமையா கிளம்புவார்கள் என்று கேட்டாள். பரிகாரமாகத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றேன். "உங்களுக்குச் சரிங்க, சென்னி அண்ணன் உடம்பு இருக்கற நெலமைக்கு ஒரு சூலத்தையும் தலையில கட்டணுமா?" என்றாள். ஆகவே பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், அந்த நாளில் பயணப் பையை மட்டும் போகும் திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், கிளம்பியதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்த பையை மட்டும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு நேர் தெற்கே, அதே மாடியில், வசந்தாமணி அக்காவின் வீடு. கணவர் போன பிறகு தனியாக இருப்பவர், இரண்டு சோபாவும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள கூடத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைப்பவர். செவ்வாய்க்கிழமை நல்ல நேரத்தில் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு கோல்ஃப் பையோடு அவர் வாசலில் நின்றபோது அவர் எங்களையும் பைகளையும் பார்த்து, "ரெண்டு நாளைக்குத்தானுங்க தம்பி?" என்று கேட்டார். ரெண்டே நாள் என்றேன். பைகளை சோபாவுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினோம், அவர் நான்குக்கும் பொதுவாக ஒரு கற்பூரம் காட்டினார்.

புதன்கிழமை குலசேகரனின் ஆலையில் ஒரு இயந்திரம் நின்றது. அது ஓடும் வரை அவனால் கிளம்ப முடியாது, அவன் கிளம்பாவிட்டால் மருதாசலமும் இல்லை, சரி, நான்கு பேராகப் போகிற பயணத்தை மூன்று பேராகப் போவது எப்படி என்று நானும் கேட்டேன், கேட்டது நான்தான், வேறு யாருமில்லை. டிக்கெட் வீணாயிற்று. பைகளைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதால் அவை வசந்தாமணி அக்காவின் கூடத்திலேயே நின்றன.

அடுத்த திங்கட்கிழமை காலை அக்கா எழுந்து வந்து பார்த்தபோது மூன்று பைகளைக் காணவில்லை. நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம் என்று நினைத்து, அந்த இடத்தையும் துடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவை திரும்ப நின்றன, சக்கரத்தில் செம்மண், மட்டைகளின் முகத்தில் ஒட்டிய ஈரப் புல், மருதாசலத்தின் பையின் பக்கப் பையில் கொஞ்சம் கறுவாப்பட்டை, குலசேகரனின் பையில் கடல் மணலும் ஒரு சிப்பியும், என்னுடையதில் எல்லாமே சீராக, மழைக்கோட்டு மடித்து, நனைந்து. வாட்ச்மேன் வேலுச்சாமியிடம் கேட்டபோது ஆமாங்க, மூன்றும் கேட்டுக்கு வந்தன, திறந்துவிட்டேன், போகிற பொருளை எதற்குத் தடுப்பது என்றார். நான்காவது, சென்னியின் பச்சைப் பை, நிறுத்திய இடத்திலேயே நின்றது, அதன் மேல் தூசு கூட இல்லை, ஏனென்றால் அக்கா துடைத்திருந்தார்.

முதல் வாரம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் வந்தவர்கள் பையின் பக்கப் பைகளில் பணமும் சீட்டும் வைத்துவிட்டுப் போனார்கள், இரண்டாம் மாடிக்குப் பட்டை, நாலாம் மாடிக்குத் தேயிலை, கீழ்த்தளத்துக்கு மாசிக்கருவாடு. பைகள் கேட்டதையெல்லாம் கொண்டுவந்தன, ஆனால் தேயிலை தூளாக வந்தது என்றும் இலையாகத்தானே கேட்டோம் என்றும் நாலாம் மாடியில் குறைபட்டுக்கொண்டார்கள், பைக்கு விளங்குகிற மாதிரி நான் சொல்லி அனுப்ப வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள், பையின் உரிமையாளர் நான் என்பதால். மாசிக்கருவாட்டு வாசம் தன் பையில் ஏறிவிட்டது என்று மருதாசலம் கீழ்த்தளத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பிறகு மற்றவர்களின் பைகளும் வந்தன. எங்கள் அடுக்ககத்தில் போக நினைத்துப் போகாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காசிக்குப் போக நினைத்து வருடங்களாகத் தள்ளிப் போட்ட மூன்றாம் மாடித் தம்பதி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார்கள், அது நனைந்து, விபூதி வாசத்தோடு, சொம்பு நிறைய கங்கை நீரோடு வந்தது, அவர்கள் அதைத் தலையில் தெளித்துக்கொண்டு காசியைப் பார்த்ததாகவே பேச ஆரம்பித்தார்கள். திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு அரங்கசாமியின் பெட்டி மொய்க் கவரோடு போய்த் தாம்பூலப் பையோடு வந்தது, பெண்ணின் அப்பா போன் செய்து, மற்ற சொந்தக்காரர்கள் பையைக்கூட அனுப்பவில்லை என்று நன்றி சொன்னாராம். தாராபுரத்தில் ஒரு சாவுக்குத் துக்கம் கேட்கப் போன தோள்பை திரும்பி வந்தபோது, வசந்தாமணி அக்கா அதை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர்களை மட்டும் விளக்குமாறோடு விரட்டினார். சங்கக் கூட்டத்தில், பைகளுக்குச் சாமான் லிஃப்ட்தான், ஆள் லிஃப்ட் கூடாது என்று தீர்மானம் வந்தது, பை ஆளுக்குப் பதிலாகப் போகும்போது அது ஆளா சாமானா என்று ஒருவர் கேட்டார், அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்தார்கள். ஊர் அமைதியாயிற்று. யாரும் எங்கும் போகவில்லை, எல்லோரும் எல்லா இடத்துக்கும் போய் வந்தார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. புதிய தேதியோடு குலசேகரனிடம் போனால், அவன் மேசை மேல் சிப்பிகளை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தான், போன வாரம்தானே போய்விட்டு வந்தோம் மாப்ள என்றான். அங்கே உட்கார்ந்திருந்த மருதாசலம், பை வந்திறங்கும் வெள்ளிக்கிழமைகளில் தனக்குத் தோள்பட்டை வலிப்பதாகவும், அது பதினெட்டுக் குழியும் ஆடி முடித்த வலிதான் என்றும், அந்த வலியோடு இன்னொரு முறை போவது உடம்புக்குக் கெடுதல் என்றும் சொன்னான். அவன் வாயில்தான் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. சென்னி போகவில்லையே என்றேன். இரண்டு பேரும் சொல்லிவைத்தது போல ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

சென்னி ஒவ்வொரு சாயங்காலமும் வசந்தாமணி அக்கா வீட்டுக்கு வந்து தன் பைக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தான். பாரம் அதிகமோ என்று நான்கு மட்டைகளை எடுத்துவிட்டுப் பார்த்தான். பையின் முகத்தைத் தெற்கே திருப்பி வைத்தான். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழம் கட்டினான், யாரோ சொன்னார்கள் என்று அவிழ்த்தான். பச்சைப் பை நகரவில்லை. அதற்கு யோகம் இல்லை என்று நாலாம் மாடியில் பேசிக்கொண்டார்கள், நடக்க முடியாதவனின் பை எப்படி நடக்கும் என்று கீழ்த்தளத்தில் ஒருவர் லிஃப்டுக்குள்ளேயே சொன்னார், சென்னி அப்போது அந்த லிஃப்டில் இருந்தான். அன்று அவன் என்னைப் பார்த்து, கை நடுக்கத்தை மறைக்கக்கூட முயலாமல், "பைக்குத் தெரிஞ்சுருச்சு திரு. எனக்குத்தான் லேட்டாத் தெரியுது" என்றான். அதெல்லாம் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் வடகிழக்கு மழை முடிந்ததும் என்று நான் ஆரம்பித்தேன். அவன் எழுந்து போய்விட்டான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவன் வரவில்லை.

அவன் வராத அந்த நாட்களில் நான் ஒரு திட்டம் போட்டேன். இதுவரை போட்டதிலேயே நல்ல திட்டம், மழை, முட்டி, நண்டு, சைவம், இயந்திரம், முகாம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த திட்டம், அதைப் போட்டு முடித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. திட்டம் போடுகிறவன் போகிறவனா, போகாமலிருக்க மரியாதையான வழி தேடுகிறவனா? சென்னியின் கடைசி ரவுண்டு ஆடப்படாத வரைக்கும் அது முடிந்துபோகவும் இல்லை என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தானோ? அவனுக்காகத்தான் தள்ளிப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவன் கை எனக்காகக் காத்திருக்கவில்லை.

புதிய திட்டத்தைக் காட்ட சென்னியைத் தேடிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என் பையும் மற்ற இரண்டும் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தன. கூடம் முழுக்க யார் யாருடைய பெட்டிகளோ, நடுவில் பச்சைப் பை. அக்கா குனிந்து அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் ரெண்டு நாளைக்கு என்று சொல்லி வைத்தது எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா, இந்தக் கூடத்தில் எனக்குக் கால் நீட்ட இடமில்லை, ஊரார் பைகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி என் இடுப்பு போயிற்று என்று பிடித்துக்கொண்டார். மற்றவையாவது நாலு நாள் இல்லாமல் இருக்கின்றன, இந்தப் பச்சைதான் அசைய மாட்டேன் என்கிறது என்று, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அக்கா துணியைப் பிழிந்தார்.

"அது எதுக்குங்க தம்பி தனியாப் போகோணும்? அதோட ஆளு எப்பக் கூப்ட்டாலும் வரேன்னு நிக்கறாரு. ஆளு வரமாட்டான்னு தெரிஞ்ச பையிதான் போகுது. உங்க பை மொதல் நாளே போயிருச்சுல்ல."

சொல்லிவிட்டுக் காலைத் தூக்கச் சொன்னார், நான் நின்ற இடத்தையும் துடைக்க வேண்டியிருந்தது.

நான் படியிறங்கிக் காரை எடுத்துக்கொண்டு சென்னியின் பட்டறைக்குப் போனேன். அவன் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை கிளம்புகிறோம் என்றேன். "அன்னைக்குச் சூலமாச்சே" என்றான். இருக்கட்டும் என்றேன். மற்றவர்கள் என்று கேட்டான். வந்தால் வரட்டும் என்றேன், இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் தேவைப்பட்டிருக்கிறது. எந்த மைதானம் முதலில் என்று கேட்டான், நுவரெலியா, அது மட்டும்தான், மழை பெய்தால் நனைவோம் என்றேன். அவன், "டாக்டர் ஏதாவது உங்கிட்டத் தனியாச் சொன்னாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அக்காவுக்குக் கால் நீட்ட இடமில்லையாம் என்றேன்.

குலசேகரன் வரவில்லை. தன் பை அங்கேதானே இருக்கும், பார்த்தால் நலம் விசாரித்ததாகச் சொல் என்றான். மருதாசலம், மட்டையில்லாமல் வந்து நான் என்ன செய்ய, முட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கவா என்று கத்திவிட்டு போனை வைத்தான், வியாழக்கிழமை காலை விமான நிலையத்தில் கிளினிக் சாவியோடும் முட்டிக்குப் போடும் பட்டையோடும் எங்களுக்கு முன்பே நின்றான், யாரும் அவனை எதுவும் கேட்கக் கூடாது என்ற முகத்தோடு. பச்சைப் பையை அக்கா வீட்டிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். அது கனமாக இருந்தது, நடக்காத எல்லாப் பைகளையும் போல. அக்கா எங்களுக்குப் பின்னால் அந்த இடத்தைத் துடைக்கும் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

நுவரெலியாவில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஊருக்கு நடுவே, கூரைகளுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே, மைதானம் மூடுபனிக்குள் பாதி இருந்தது, பாதி இல்லை. முதல் குழி தொடங்கும் இடத்தில் எங்கள் மூன்று பைகளும் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தன. அங்கே மட்டை தூக்குபவரான ராசையா என்பவர், இந்த மூன்று ஐயாமாரும் வாராவாரம் வருவார்கள், ஒழுங்காக ஆடுவார்கள், பேச்சு மட்டும் கிடையாது, நீங்கள் அவர்களுக்குச் சொந்தமா என்று என்னைக் கேட்டார். சொந்தம்தான் என்றேன். நான் கிட்டே போனதும் என் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தது, அதற்குப் பிறகு அது தானாக ஒரு அடி நகரவில்லை. மருதாசலத்தின் பையும் அவன் காலடியில் அப்படியே விழுந்தது, கருவாட்டு வாசம் இன்னும் போகவில்லை என்று அவன் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத் திட்டினான். குலசேகரனின் பை மட்டும் நிமிர்ந்து நின்றது, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு. நான்கு பேராக ஆடும் ஆட்டத்துக்கு அதுதான் நான்காவது ஆள்.

முதல் அடி சென்னிக்கு என்று நானும் மருதாசலமும் சொல்லாமலே ஒதுங்கினோம். அவன் மர ஆணியை ஈர மண்ணில் குத்தினான், அது சுலபமாக இறங்கியது. பந்தை அதன் தலையில் வைத்தான். விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான், குளிரில் கை இன்னும் அதிகமாக ஆடியது, பந்து ஆணியைத் தட்டிக்கொண்டு புல்லில் உருண்டது. மறுபடியும். ராசையா வேறு பக்கம் பார்த்தார். மருதாசலம் கையுறையைச் சரி செய்ய ஆரம்பித்தான். நான் பறவையைத் தேடித் தலையைத் தூக்கினேன், மூடுபனிக்குள் பார்ப்பதற்கு ஒரு மரம்கூட இல்லை.

ரயில் நேரம், மழைக்கோட்டு, முட்டிக்கு வண்டி, நண்டு, தனிப் பாத்திரம், எல்லாமே என் திட்டங்களில் இருந்தன. பந்தை யார் வைப்பது என்பது எந்தத் திட்டத்திலும் இல்லை.

நான் போய் அவன் முன்னால் ஈரத்தில் முட்டி போட்டு, பந்தை எடுத்து, ஆணியின் தலையில் வைத்தேன். கையை எடுத்தேன், பந்து நின்றது. அண்ணாந்து பார்த்தேன். சென்னியின் முகம் என் முகத்துக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது, அவனுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"எந்திரி. மண்டையில அடிச்சுரப் போறேன்" என்றான்.

விலகி நின்றேன். அவன் மட்டையை இரண்டு கையாலும் பிடித்தான், தோளுக்கு மேலே தூக்கினான், அங்கே, உச்சியில், நடுக்கம் அவனை விட்டுப் போனது, நானும் மருதாசலமும் ராசையாவும் அதைப் பார்த்தோம், குலசேகரனின் பைகூட லேசாகத் திரும்பியது. சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து பனிக்குள் போனது. எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ராசையா தேடுவதற்காக நடக்கத் தொடங்கினார்.

மட்டையைப் பைக்குள் போட சென்னிக்கு இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை உள்ளே போனது. பிறகு என் பேண்ட்டில் இரண்டு முட்டியிலும் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தான்.

"இன்னும் பதினேழு குழி இருக்குது திரு. அத்தனைக்கும் முட்டி போடுவியா நீ?"

போடுகிறேன் என்றேன். மருதாசலம் தன் முட்டிப் பட்டையை அவிழ்த்து என்னிடம் நீட்டினான்.